ஏரியா, வயலா, கருவேலங்காடா? ரிமோட் சென்சிங் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்

பொறியியல் கலந்தாய்வுப் பட்டியலில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் என்று ஒரு பிரிவு கண்ணில் படும். ரிமோட் சென்சிங், அதாவது தொலையுணர்வு, சொல்லித் தரும் பிரிவு அது. அதைப் பார்த்ததும் பெற்றோர் பலர் ராக்கெட் விடும் படிப்பு என்று நினைக்கிறார்கள். பிள்ளைகளோ கூகுள் மேப் பார்க்கும் படிப்பு என்கிறார்கள். ராக்கெட்டுக்கும் இதற்கும் அதிகச் சம்பந்தம் இல்லை. மேப் உண்டு, ஆனால் அது கடைசியில் வரும் வேலை. ஒரு மாவட்டத்தில் எத்தனை ஏக்கரில் நெல் நிற்கிறது, எந்தக் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, காடு கூடியதா குறைந்ததா, நிலத்தடி நீர் எவ்வளவு போனது? இவற்றை அந்த இடத்தைத் தொடாமல் தூரத்திலிருந்து அளந்து சொல்வதும், சொன்னது சரிதானா என்று சோதிப்பதும்தான் இந்தப் படிப்பு. அளப்பதை இன்று மென்பொருளே பாதி செய்துவிடும். சோதிப்பதுதான் கஷ்டம். பல்கலைக்கழகப் பயிற்சி தேவைப்படுவதே அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் என்பது என் எண்ணம்.

இலையிலிருந்து தொடங்குவோம்

முதல் செமஸ்டரில் வருவது இயற்பியல். வெயில் எல்லாவற்றின் மீதும் ஒரேபோல விழுகிறது. திரும்பி வருவது மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. பச்சை இலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் ஒளிச்சேர்க்கைக்காக விழுங்கிவிடுகிறது. பச்சையில் கொஞ்சம் திரும்பி வருவதால் இலை நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. சிவப்பை அடுத்து, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு என்று ஓர் ஒளி இருக்கிறது. இலையின் உள்ளே இருக்கும் செல் அமைப்பு அதில் ஏறக்குறைய பாதியைச் சிதறடித்து வெளியே தள்ளிவிடும். அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரிந்திருந்தால் விளைந்து நிற்கும் வயல் கண்ணைக் கூசச் செய்திருக்கும். தண்ணீர் நேர் எதிர். அகச்சிவப்பை உறிஞ்சிக்கொண்டு படத்தில் கறுப்பாகத் தெரியும். வெறும் மண் இரண்டுக்கும் நடுவில். சிவப்பையும் அகச்சிவப்பையும் அதிக வித்தியாசம் இல்லாமல் திருப்பும்.

இந்தியாவில் இந்தத் துறை பிறந்தது ஒரு தென்னந்தோப்பில் என்றே சொல்லலாம். கேரளத்தில் தென்னையைத் தாக்கும் வேர் வாடல் நோயை அடையாளம் காண, 1970 வாக்கில் பி.ஆர். பிஷாரட்டி என்ற இயற்பியலாளரின் குழு ஹெலிகாப்டரில் ஏறி, அகச்சிவப்பைப் பதியும் படச்சுருளில் தோப்புகளைப் படம் பிடித்தது. நல்ல மரமும் நோய்ப்பட்ட மரமும் அதில் வேறு வேறு நிறத்தில் விழுந்தன. அப்போது நம்மிடம் செயற்கைக்கோளே கிடையாது. வளங்களைப் பார்ப்பதற்கென்றே செய்த ஐ.ஆர்.எஸ்-1ஏ போனது 1988 மார்ச்சில்தான், அதுவும் பைக்கானூரிலிருந்து சோவியத் ராக்கெட்டில்.

இலையின் இந்தக் குணத்தை ஒரு எண்ணாக மாற்றியது ஒரு பல்கலைக்கழகம். 1972 ஜூலையில் அமெரிக்கா லேண்ட்சாட்-1 செயற்கைக்கோளை அனுப்பியது. அதன் படங்களை வைத்து, அமெரிக்காவின் நடுப்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காகப் பரந்து கிடக்கும் பெரும் புல்வெளியில் வசந்த காலத்தில் புல் எப்போது தளிர்க்கிறது, எப்போது காய்கிறது என்று பார்க்கும் வேலையை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ரிமோட் சென்சிங் மையம் எடுத்துக்கொண்டது. அங்கே ஒரு சிக்கல். தெற்கில் சூரியன் உயரத்தில் நிற்கும், வடக்கே போகப் போகச் சாயும். அதனால் ஒரே புல், இடத்துக்கு இடம் வேறு வேறு பிரகாசத்தில் பதிவாகியது. டொனால்ட் டீரிங் என்ற முனைவர் பட்ட மாணவரும் அவருடைய வழிகாட்டி ராபர்ட் ஹாஸும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழி. வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகு. வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் மேலும் கீழும் சேர்ந்தே மாறும், விகிதம் பெரிதாக அசையாது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் என்.டி.வி.ஐ என்ற தாவரக் குறியீடு இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். செழிப்பான வயல் அகச்சிவப்பில் 50 சதவீதமும் சிவப்பில் 8 சதவீதமும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ 58-ஆல் வகுத்தால் 0.72. தரிசு மண் 30-ம் 25-ம் திருப்பினால் 5-ஐ 55-ஆல் வகுக்க வேண்டும், 0.09. தண்ணீருக்குப் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழே போகும். இவ்வளவுதான் சூத்திரம், எட்டாம் வகுப்புக் கணக்கு. அதனாலேயே இதை அளவுக்கு மீறி நம்புகிறவர்களும் அதிகம். பயிர் நன்றாக அடர்ந்து மூடிவிட்டால் இந்த எண் உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். ஏக்கருக்கு 30 மூட்டை காணும் வயலும் 40 மூட்டை காணும் வயலும் அப்போது ஒரே எண்ணைக் காட்டலாம். பச்சை தெரிகிறது என்பதால் மகசூல் தெரிகிறது என்று அர்த்தமில்லை.

ஒரு சதுரம் எத்தனை சென்ட்?

செயற்கைக்கோள் படம் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது, பிக்சல் என்பார்கள். லேண்ட்சாட்-1 காலத்தில் ஒரு சதுரம் சுமார் 80 மீட்டருக்கு 80 மீட்டர், அதாவது ஒன்றரை ஏக்கருக்கும் மேல். நம் ஊர் சிறு விவசாயியின் மொத்த நிலமும் ஒரே புள்ளிக்குள் அடங்கிப்போகும். பிறகு வந்த லேண்ட்சாட்களில் அது 30 மீட்டர், சுமார் 22 சென்ட். இந்தியாவின் ரிசோர்ஸ்சாட்டில் உள்ள லிஸ்-3 கருவிக்கு 23.5 மீட்டர், 13 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோளின் முக்கியமான பேண்டுகளில் (ஒளியைப் பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு என்று பிரித்துப் பதியும் பட்டைகள்) 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு 40 பிக்சல் கிடைக்கும்.

அந்த நாற்பதில் எல்லாமே உபயோகப்படும் என்றும் சொல்ல முடியாது. வரப்போரம் விழும் சதுரத்தில் பாதி நெல், பாதி தென்னை, கொஞ்சம் வாய்க்கால் இருக்கும். கருவி எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாகத் தரும். கலப்புப் பிக்சல் என்று இதற்குப் பெயர். பஞ்சாபின் பெரிய கோதுமை வயல்களில் இது சின்னத் தொல்லை. துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும் நம் நிலங்களில் இதுவே ஒரு ஆராய்ச்சித் தலைப்பு.

பிக்சல் சின்னதானால் போதுமா? போதாது. எந்த நாள் படம் என்பதும் அதே அளவு முக்கியம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேலத்தை வரைபடமாக்க வேண்டும் என்று வையுங்கள். ஜனவரிப் படத்தில் நெல்லும் கருவேலமும் சேர்ந்து பச்சையாக நிற்கும், பிரிப்பது பெரும்பாடு. மே மாதப் படத்தை எடுத்தால் அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும், கருவேலம் மட்டும் பச்சை மாறாமல் நிற்கும். அகச்சிவப்பைச் சிவப்பு நிறத்தில் காட்டுவது இந்தத் துறையின் வழக்கம் என்பதால், படத்தில் சிவப்புத் திட்டுகளாகப் பளிச்சென்று தெரியும். பம்ப்செட் வைத்த தோட்டமும் அதே சிவப்பில்தான் தெரியும் என்பது அடுத்த தலைவலி. எந்தச் செடி எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்கு மென்பொருள் தெரிந்தவரைவிட வேலை சீக்கிரம் முடியும்.

மேகத்துக்கு மேலிருந்து சம்பா

காவிரி டெல்டாவில் சம்பா நடவு நடக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழை வரும் காலமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் மூடியே கிடக்கும். சென்டினல்-2 காலை பத்தரை மணி வாக்கில் தலைக்கு மேல் தவறாமல் போகும், கொண்டுவருவது மேகத்தின் படமாக இருக்கும். இங்கேதான் ரேடார் வருகிறது. மற்ற கருவிகள் வெயிலை நம்பியிருக்க, ரேடார் இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பதுபோலத் தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். மேகத் துளிகள் அதற்குப் பொருட்டே இல்லை. இரவென்றும் பகலென்றும் இல்லை.

நெல்லைப் பிடிக்க ரேடாருக்குத் தோதான ஒரு குணம் நெல்லுக்கு உண்டு. நடவுக்கு முன் வயலில் தண்ணீர் கட்டுகிறோம். தட்டையான நீர்ப்பரப்பில் பட்ட அலை மறுபக்கம் சறுக்கிப் போய்விடும், செயற்கைக்கோளுக்குத் திரும்பாது. படத்தில் வயல் கறுப்பு. பயிர் வளர வளரத் தண்டிலும் இலையிலும் பட்டு அலை திரும்பும். வாரத்துக்கு வாரம் வெளுத்துக்கொண்டே வரும். முதலில் கறுத்து, பிறகு சீராக வெளுக்கும் இடம் நெல். கறுப்பாகவே கிடந்தால் இறால் குட்டையோ ஏரியோவாக இருக்கலாம். இரண்டு நாள் கறுத்துவிட்டுப் பழைய நிலைக்கு வந்தால் மழைத் தண்ணீர் தேங்கி வடிந்திருக்கும். எந்தத் தேதியில் கறுத்தது என்பதிலிருந்து நடவு எப்போது என்பதும் தெரிந்துவிடும். நேரடி விதைப்பு வயலில் இந்த வரிசை மாறும் என்பதால் அதற்குத் தனி விதி வேண்டும்.

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுக்கென்று ஒரு துறை இருக்கிறது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம், சுவிட்சர்லாந்தின் சார்மேப் என்ற நிறுவனம் ஆகியவற்றோடு சேர்ந்து ரைஸ் என்ற திட்டத்தில் அவர்கள் செய்தது இதைத்தான்: ரேடார் படத்திலிருந்து நெல் பரப்பு, நடவுத் தேதி, பயிர் வளர்ச்சியைக் கணக்கிடும் கணினி மாதிரியோடு சேர்த்து மகசூல் மதிப்பீடு. இது ஆய்வறிக்கையோடு நின்றுபோகிற விஷயமும் இல்லை. ஒன்றிய அரசின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2023 காரிஃப் பருவத்திலிருந்து நெல், கோதுமை இரண்டுக்கும் தொலையுணர்வு வழி மகசூல் மதிப்பீட்டுக்குக் குறைந்தது 30 சதவீத எடை தரும் முறை வந்திருக்கிறது. அதுவரை கணக்கு முழுக்க முழுக்க அறுவடைச் சோதனையை நம்பியிருந்தது. கிராமத்தில் குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்து, நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்ப்பது. இரண்டும் சேர்ந்து ஒரு ஊருக்கு நஷ்ட ஈடு உண்டா இல்லையா என்று முடிவாகிறது. எந்தப் பிக்சல் எந்தப் பயிர் என்று மாணவர் போட்ட வகைப்படுத்தலில் ஒரு தப்பு இருந்தால் அது யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு வரை போகும்.

90 சதவீதம் சரி என்றால் சரியா?

இனி அந்த இரண்டாவது பாதி. வரைபடம் போட்டு முடித்ததும் மாணவர் செய்ய வேண்டியது, அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்புவது. ஜி.பி.எஸ் கருவியோடு, முன்கூட்டியே சீரற்ற முறையில் தேர்ந்த புள்ளிகளுக்குப் போய், அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று பதிவது. கிரவுண்ட் ட்ரூத் என்று இந்தத் துறையில் இதைத்தான் சொல்கிறார்கள். ரோட்டோரமாக வண்டியில் உட்கார்ந்தபடி பத்துப் புள்ளி எடுத்துவிட்டு வருவது சோதனை ஆகாது. ரோட்டோரத்தில் இருப்பது ஒரு வகை நிலம், உள்ளே இருப்பது வேறு.

திரும்பி வந்ததும் ஒரு அட்டவணை போடுவார்கள். படம் என்ன சொன்னது, களத்தில் என்ன இருந்தது என்று நெடுக்கிலும் குறுக்கிலும். பிழை அணி என்று பாடத்தில் வரும். இதில் ஆரம்பநிலையில் எல்லோரும் விழும் குழி ஒன்று. நீங்கள் 100 புள்ளிகளைச் சோதித்தீர்கள். 90 இடம் வறண்ட நிலம், 10 இடம் தண்ணீர். உங்கள் வரைபடம் எல்லா இடத்தையும் வறண்ட நிலம் என்று காட்டுகிறது. மொத்தத் துல்லியம் 90 சதவீதம்! ஆனால் நீங்கள் தேடிப்போன தண்ணீரில் ஒரு துளிகூடப் படத்தில் இல்லை. அதனால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக இரண்டு கேள்வி கேட்கச் சொல்லித் தருகிறார்கள். களத்தில் தண்ணீராக இருந்ததில் எவ்வளவைப் படம் பிடித்தது? படம் தண்ணீர் என்று சொன்னதில் எவ்வளவு உண்மையிலேயே தண்ணீர்? ஆய்வுக்கட்டுரையில் மொத்தத் துல்லியம் மட்டும் பெரிய எழுத்தில் இருந்து, இந்த இரண்டும் இல்லாவிட்டால் கொஞ்சம் யோசித்துப் படியுங்கள்.

இப்போது வரும் தீசிஸ்களில் எனக்கு ஒரு குறை உண்டு. செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசித் தரும் கூகுள் எர்த் எஞ்சினில் நாற்பது வரி நிரல் எழுதி, மெஷின் லேர்னிங் பெயர் ஒன்றைச் சேர்த்து, சோதனைப் புள்ளிகளையும் வேறொரு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே எடுத்துவிடுகிறார்கள். செருப்பில் சேறு படாமலேயே முடிந்துவிடுகிறது.

காடு என்று எதைச் சொல்வது

சில சமயம் அளவு துல்லியமாக இருந்தும் விடை சிக்கலாகும். இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் வெளியிடும் வன அறிக்கையில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர நிழல் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, என்ன மரம் என்ற கேள்வி இல்லை. தைலமரத் தோப்பும் தென்னந்தோப்பும் அந்தக் கணக்கில் வரலாம். சோலைக்காடு ஒரு பக்கம் அழிந்து, தோப்பு இன்னொரு பக்கம் வளர்ந்தால் மொத்தம் மாறாமல் நிற்கும். செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்வி அப்படி. வள மேலாண்மையும் இந்தப் படிப்போடு சேர்ந்து வர வேண்டியது இந்த இடத்துக்காகத்தான். வெறும் படத்தொழில்நுட்பம் தெரிந்தவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாமல் போகலாம்.

இதற்கு மறுகோடியில், படமே இல்லாமல் அளக்கும் ஆராய்ச்சியும் இருக்கிறது. 2002-ல் போன கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் சுற்றின. கீழே எடை கூடிய இடத்துக்கு மேலே வரும்போது ஈர்ப்பு விசையில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தால் அந்த இடைவெளி கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை அளந்தால், பூமிக்கடியில் இருக்கும் நீர் கூடியதா குறைந்ததா என்று கணக்கிடலாம். டெக்சாஸ் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய திட்டம் இது. நாசாவையும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009-ல் இதை வைத்து வெளியிட்ட ஆய்வு, ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லி பகுதியில் ஆறு ஆண்டுகளில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாகச் சொன்னது. நமக்குப் பழகிய அளவில் சொன்னால் மேட்டூர் அணை 41 முறை நிரம்பும் தண்ணீர். ஆனால் உங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றிக் கிரேஸிடம் கேட்க முடியாது. அது பார்ப்பது சில நூறு கிலோமீட்டர் அகலத்தை ஒரே துண்டாக.

எங்கே படிப்பது

இந்தியாவில் பழைய பெயர் டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம். நெதர்லாந்தின் ஐ.டி.சி நிறுவனத்தின் கூட்டுறவோடு 1966-ல் வான்படங்களைப் படித்தறியப் பயிற்சி தரும் இடமாகத் தொடங்கி, இன்று இஸ்ரோவின் கீழ் இருக்கிறது. அவர்களுடைய இலவச இணையவழிப் பாடங்கள் ஆரம்பநிலைக்கு நல்லவை. தமிழ்நாட்டில், 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி வளாகத்திலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் இயங்குகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் தனித் துறைகள் உண்டு.

கல்லூரியின் பெயரைவிட, அந்தத் துறை எந்தத் தாய்த்துறையிலிருந்து வந்தது என்று பாருங்கள். பாடத்திட்டம் ஒன்றுபோல இருந்தாலும் கேட்கும் கேள்விகள் மாறும். நிலவியலிலிருந்து வந்த துறையில் பாறை வெடிப்புகளைத் தொடர்ந்து நிலத்தடி நீரைத் தேடுவார்கள். சிவிலிலிருந்து வந்த இடத்தில் நிலமட்டமும் வெள்ளமும். வேளாண்மையில் பயிரும் மண்ணும். புள்ளியியலும் கொஞ்சம் பைத்தான் நிரலும் எங்கே போனாலும் வேண்டும்.

பணம் ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. ஒரு லேண்ட்சாட்-7 படத்துக்கு 600 டாலர். ஒரு தீசிஸுக்கு இரண்டு படம் வாங்கினால் பெரிய விஷயம். 2008-ல் அமெரிக்கா லேண்ட்சாட் படங்களை இலவசமாகத் தருவதாக அறிவித்தது, நிலைமை தலைகீழானது. 2013-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மாத்யூ ஹான்சன் குழு ஆறரை லட்சம் லேண்ட்சாட் படங்களைப் பயன்படுத்தி, உலகம் முழுக்க 12 ஆண்டுகளில் காடு எங்கே போனது, எங்கே வந்தது என்று 30 மீட்டர் சதுரத்தில் வரைந்தது. பழைய விலையில் அப்படி ஒன்றை யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சரி, சேருவதற்கு முன் இது நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டுமா? உங்கள் ஊர் ஏரி ஒன்று போதும். சென்டினல் படங்கள் கிடைக்கும் கோபர்னிகஸ் இணையதளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கி, மேகம் இல்லாத ஒரு சென்டினல்-2 படத்தை எடுங்கள், முடிந்தவரை அண்மைய தேதியில். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் பச்சை பேண்டிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, கூட்டுத்தொகையால் வகுங்கள். பூஜ்யத்துக்கு மேல் வரும் பிக்சல்களைத் தண்ணீர் என்று எண்ணி, இரண்டரை சென்ட்டால் பெருக்கினால் நீர்ப்பரப்பு வந்துவிடும். அப்புறம் அந்த வாரமே கரையில் ஒரு நடை. ஆகாயத்தாமரை மூடிய பகுதியை உங்கள் கணக்கு நிலம் என்று சொல்லியிருக்கும்; சேற்றையும் மர நிழலையும் தண்ணீரில் சேர்த்திருக்கலாம். அப்படிப்பட்ட இடங்களைப் போனில் குறித்துக்கொண்டு வாருங்கள். தாமரைக்கு அடியில் உள்ளதைத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்து, காரணத்தைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். தீசிஸ் வைவாவில் கேட்கப்போவது அந்தக் காரணத்தைத்தான்.